பத்திரக் கட்டுப்பாடு: ‘நில ஒப்பந்தம்’ ஏன் பிழை?

அமெரிக்க வீட்டுமனை வழக்குகளைத் தமிழில் எழுதுவோர் ‘டீட் ரிஸ்ட்ரிக்‌ஷன்’ என்பதை, அதாவது மனையை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் நிபந்தனையை, ‘நில ஒப்பந்தம்’ என்று பெயர்ப்பதை இனியும் ஏற்பதற்கில்லை. ‘டீட்’ முதலில் செயலைக் குறித்துப் பின்னர் பத்திரத்துக்கு ஆகிவந்தது. ‘ரிஸ்ட்ரிக்‌ஷன்’ இறுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஆகவே ‘பத்திரக் கட்டுப்பாடு’ என்பதே பொருந்தும்.

ஒப்பந்தம் பொதுவாக அதைச் செய்துகொண்டவர்களையே கட்டும். இக்கட்டுப்பாடோ மனை கைமாறும்போது அதனுடனேயே செல்லும். லண்டன் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை 1808இல் விற்ற டல்க் என்பவர், அங்கே கட்டடம் எழுப்பாமல் திறந்தவெளியாகவே பேண வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வாங்கினார். பின்னாளில் அதை வாங்கிய மோக்ஸ்ஹே தாம் அப்படி எவருக்கும் வாக்களிக்கவில்லை என்று வாதிட்டும், நிபந்தனையை அறிந்தே வாங்கியவரை அது கட்டும் என்று 1848இல் தீர்ப்பாயிற்று. அவ்விருவருக்குமிடையே ஒப்பந்தமே இல்லாதபோது, ‘ஒப்பந்தத்தை மீறினார்’ என்று எழுதினால் வழக்கின் உயிர்நாடியே அறுந்துபோகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘ஆவணக் கட்டுப்பாடு’ ஆவணங்களைக் கட்டுப்படுத்துவதாகவே ஒலிக்கிறது. ஆவணம் எனில் பிறப்புச் சான்றிதழும் அடங்கும். மனை வாங்குபவர் பதிவது பத்திரம். தூய்மைக்காகத் தெளிவை இழக்க நான் உடன்படேன். ‘வில்லங்கம்’ என்பதும் அடமானம், ஜப்தி வரை விரிவதால் இங்கே உதவாது.

இக்கட்டுப்பாட்டை அரசு விதி என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. எந்தப் பகுதியில் வீடு, எந்தப் பகுதியில் கடை என்று நகரை வகுக்கும் மண்டலப்படுத்தும் சட்டத்தை 1948, 1962, 1993 ஆகிய ஆண்டுகளில் வாக்கெடுப்பில் நிராகரித்த அமெரிக்க நகரமான ஹூஸ்டனில், குடியிருப்புத் தெருவில் கடை வராமல் காப்பது பெரும்பாலும் இக்கட்டுப்பாடுகளே. மீறுபவர்மீது அண்டை வீட்டாரோ குடியிருப்போர் சங்கமோ வழக்குத் தொடுத்துத் தடையாணை பெறலாம். மாநகராட்சியும் வழக்குத் தொடுக்கலாம். நெடுநாள் கண்டும் வாளாவிருந்தால் அமலாக்கும் உரிமை நழுவக்கூடும்.

எழுதுவது தனியார், அமலாக்குவது நீதிமன்றம் என்ற இந்த வேறுபாட்டின்மீதுதான் 1948ஆம் ஆண்டின் ஷெல்லி எதிர் க்ரேமர் தீர்ப்பு நிற்கிறது. கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்ற பத்திரக் கட்டுப்பாட்டை நீதிமன்றம் அமலாக்கினால் அது அரசே பாகுபாடு காட்டுவதாகும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். இதை ‘ஒப்பந்தம் ரத்து’ என்று பெயர்ப்பவர்கள், தனியார் தாமாக அதன்படி நடப்பதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை என்பதையும், வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்க 1968இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது என்பதையும் வாசகரிடமிருந்து மறைத்துவிடுகிறார்கள்.