பாஸ் மீன் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் மற்ற எதையும்விட அதிகம் தேடிப் போவது லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனைத்தான். வளர்ந்த மீனின் வாயை மூடிப் பார்த்தால் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீனும் 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீனும் 10 கிலோவைத் தாண்டியவை. உலகச் சாதனையை இருவருமே பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த மீனுக்கு எந்தச் செயற்கை இரை, எந்தத் தூண்டில் நரம்பு, எந்தத் தூண்டில் கம்பு என்று கேட்பதற்கு முன், அது எப்படித் தின்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் அதிலேயே இருக்கின்றன.

பாஸ் இரையைப் பல்லால் கவ்வித் துண்டாக்குவதில்லை. இரைக்கு மிக அருகே வந்ததும் வாயைப் படாரென்று திறக்கிறது. அதே கணத்தில் வாயின் அடித்தளம் கீழே இறங்குகிறது, செவுள் மூடிகள் வெளிப்பக்கம் விரிகின்றன. ஊசிக்குழாயின் தண்டை இழுத்ததும் மருந்து உள்ளே ஏறுவதுபோல, வாய்க்குள் அழுத்தம் குறைந்து தண்ணீர் பாய்ந்து நுழைகிறது; இரையும் அதோடு போய்விடுகிறது. தண்ணீர் செவுள் வழியே வெளியேற, இரை மட்டும் தங்குகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். உள்ளே போனது சரியில்லை என்று பட்டால் அதே வேகத்தில் வெளியே துப்பிவிடும்.

இந்த உறிஞ்சல் எட்டும் தூரம் மிகக் குறைவு. வாய் எவ்வளவு அகலம் திறக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு தொலைவுதான். அதற்கு அப்பால் நீரோட்டத்தின் வலு சட்டென்று தேய்ந்துவிடும். ஆகவே நாம் போடும் இரை தண்ணீரோடு சேர்ந்து நகரக்கூடியதாக இருக்க வேண்டும். நரம்பை விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தால் மீன் உறிஞ்சும்போது இரை பாதி வழியில் நின்றுவிடுகிறது. ‘டொக்’ என்று ஒரு தட்டு, அப்புறம் ஒன்றுமில்லை என்று பலரும் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கம்பைத் தேர்ந்தெடுப்பதும் இதைப் பொறுத்ததே. கிராங்க்பெய்ட் என்பது இழுக்க இழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் மீன் வடிவச் செயற்கை இரை; அதில் மூன்று முனைகள் கொண்ட சிறிய தூண்டில் முட்கள் இருக்கும். அதற்கு நடுப்பகுதி வரை வளையும் கம்பு நல்லது. ஃபைபர்கிளாஸ் கம்பை இன்றும் சிலர் விடாமல் வைத்திருப்பது இதனால்தான். மீன் உறிஞ்சும்போது கம்பு வளைந்து கொடுக்கிறது, இரை தடையில்லாமல் உள்ளே போகிறது, பிறகு மீன் துள்ளும்போது சின்ன முள் சதையைக் கிழித்துக்கொண்டு வருவதும் குறைகிறது. ரப்பர் புழுவுக்குள் ஒற்றை முள்ளை ஒளித்து வைக்கும்போது நிலைமை நேர் எதிர். முள் முதலில் ரப்பரைத் துளைத்து, அதன் பின் தாடையைத் துளைக்க வேண்டும். அதற்கு நுனி மட்டும் வளைகிற விறைப்பான கிராஃபைட் கம்பு தேவை.

அப்படி முள்ளை ஒளிப்பதற்குப் பெயர் டெக்சாஸ் ரிக். நரம்பில் முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவ எடையைக் கோத்து, பிறகு முள்ளைக் கட்டுவார்கள். முள் முனையைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, நரம்பு கட்டியிருக்கும் முள்ளின் கண் தலைக்குள் மறையும் வரை புழுவை மேலே தள்ள வேண்டும். முள்ளைத் திருப்பி, புழு வளையாமல் நேராகத் தொங்கும் இடம் பார்த்து முனையை மறுபடி உடலுக்குள் குத்த வேண்டும். புழு கொஞ்சம் வளைந்திருந்தாலும் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அவிழ்த்து மறுபடி கோப்பதே மேல். பாஸ் பதுங்குவது செடி, நாணல், மூழ்கிய மரக்கிளைகளுக்குள் என்பதால், எளிதில் சிக்காத இந்த ரிக்கையே தொடங்குபவர்களுக்கு முதலில் சொல்வேன். எடைக்கு ஈயத்தைவிட டங்ஸ்டன் உத்தமம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3, அதனால் அதே எடைக்கு அளவு சிறியது. கடினமானதும் என்பதால் அடியில் இருப்பது கல்லா சேறா என்பது கைக்குத் தெரிகிறது.

உப்புச் சேர்த்து வார்த்த தடித்த ரப்பர் புழுவை எடையே இல்லாமல், நடு உடம்பில் முள் குத்திப் போடும் முறையும் உண்டு. உப்பு புழுவின் எடையைக் கூட்டுவதால் அது தானாகவே மூழ்கும். இறங்கும்போது இரண்டு முனைகளும் மெல்ல நடுங்கும். இங்கே நரம்பு தளர்ந்து கிடப்பதால் கையில் எதுவும் தெரியாது, கண்தான் வேலை செய்ய வேண்டும். தண்ணீரைத் தொடும் இடத்தில் நரம்பையே பாருங்கள். ஒரு சின்னத் துடிப்பு, பக்கவாட்டில் ஒரு நகர்வு, அல்லது இறங்கிக்கொண்டிருந்த நரம்பு ஆழம் எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுவது: மூன்றில் எது நடந்தாலும் மீன் உறிஞ்சியிருக்கிறது. உடனே தளர்வைச் சுற்றிக் கம்பை உயர்த்துங்கள்.

உறிஞ்சல் எட்டும் அந்த நெருக்கத்துக்கு மீனை அழைத்து வருவது எது? தூரத்தில் கண்ணும் காதும், அருகில் பக்கக்கோடு. உடலின் இரு பக்கமும் ஓடும் இந்தக் கோட்டில் நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே ஜெல் போன்ற கூட்டில் பொதிந்த மயிர்ச்செல்கள், நீர் அசைந்தால் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஓரிரு உடல் நீளத் தொலைவுக்குள் குறைந்த அதிர்வெண் அசைவுகளை இது துல்லியமாகப் பிடிக்கும். கலங்கிய தண்ணீரில் பாஸ் இரை தேடுவது பெரிதும் இதை நம்பித்தான். அங்கே ஸ்பின்னர்பெய்ட் என்ற, சுழலும் உலோகத் தகடு கொண்ட இரையில் வட்டத் தகடு வைத்தது நன்றாக வேலை செய்யும். மெதுவாகச் சுழன்று தண்ணீரைப் பலமாகத் தள்ளும். தெளிந்த நீரில் இலை வடிவத் தகடு: அசைவு குறைவு, பளபளப்பு அதிகம்.

நிறத்துக்குக் கடைக்காரர் தரும் முக்கியத்துவத்தை மீன் தருவதில்லை. பாஸின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான், ஒன்று பச்சைக்கு, மற்றொன்று சிவப்புக்கு. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்றுவித்த மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தன. எலுமிச்சை மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டன. பளிச்சென்று ஒன்று, கருமையாக ஒன்று, செடியின் பச்சையில் ஒன்று இருந்தால் எனக்குப் போதும்.

நரம்பில் மூன்று வகை. நைலான் தண்ணீரைவிடச் சற்றே கனமானது, நன்றாக நீளும். ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி 1.78 என்பதால் மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீரின் 1.33-க்கு நைலானைவிட நெருக்கம், அதனால் கண்ணில் படுவதும் குறைவு. பின்னல் நரம்பு மிதக்கும், கிட்டத்தட்ட நீளவே நீளாது. அடர்ந்த செடிக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுக்க அதுதான். நீர்ப்பரப்பில் ஆடும் இரைக்கு ஃப்ளூரோகார்பன் கட்டினால் நரம்பு மூழ்கி இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். எந்த நரம்பானாலும் முடிச்சை இறுக்குமுன் ஈரப்படுத்துங்கள். உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் இழக்கும்.

கிராங்க்பெய்ட்டின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு தண்ணீரின் எதிர்ப்பை வாங்கி அதைக் கீழே தள்ளுகிறது. உடலைச் சுற்றி நீர்ச்சுழிகள் இடமும் வலமுமாக மாறி மாறிப் பிரிவதால்தான் அந்த ஆட்டம். தகடு நீளமாக இருந்தால் ஆழம் அதிகம். நரம்பு மெல்லியதாக இருந்தாலும் ஆழம் கூடும், ஏனென்றால் நரம்பின் இழுவை குறைகிறது. கிளையில் மோதினால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம். சுற்றுவதை நிறுத்தினால் மிதக்கும் இரை தானே மேலெழுந்து விலகும். பாஸ் பாய்வது பெரும்பாலும் அந்தத் தடுமாற்றத்தின்போதுதான்.

இதெல்லாம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்து மாறும். பாஸின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பமே. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே செரிமானம் மந்தமாகும், இரையைத் துரத்தாது. புழுவை அதன் முன்னாலேயே அசையாமல் விட்டுவைக்க வேண்டும். கோடையில் ஆழமான ஏரிகள் அடுக்குகளாகப் பிரிந்து, அடியடுக்கில் ஆக்சிஜன் குறையும்; அங்கே எவ்வளவு நேரம் போட்டாலும் பயன் இல்லை. 15 முதல் 20 டிகிரியில் கரையோரம் முட்டையிடும்போது ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும். அந்த ஆண் மீனைப் பிடித்துத் தூக்கினால் புளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். கூட்டின் மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள்.

பிடித்ததைத் திரும்ப விடுவதாக இருந்தால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், உடல் வழவழப்பு உரிந்தால் நோய் தொற்றும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கும் கை கொடுங்கள். ரப்பர் புழுவோடு காத்திருந்து தாமதமாக இழுத்தால் முள் தொண்டைக்குள் இறங்கியிருக்கும். அதைப் பலவந்தமாகப் பிடுங்காமல் முள்ளை ஒட்டி நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள், மீன் பிழைக்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம்.