பணம் சிங்கப்பூரில் இருந்தாலும் இந்தியாவில் வரி உண்டு

இந்த மாதமும் ஒருவர். சிங்கப்பூரின் ஜூரோங்கில் பல வருடம் வேலை பார்த்த, அந்நாட்டு நிரந்தரவாசி. ஊர் திரும்பி, திருச்சியில் வீடு கட்டிக் குடியேறி நாலைந்து வருடம் ஆகிறது. வெளிநாட்டுக் கணக்கைக் காட்டவில்லையே என்று இந்திய வருமான வரித் துறையிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்ததும் பதறிப்போய் அழைத்தார். "பணம் சிங்கப்பூர்லதானே சார் கிடக்கு, ஒரு வெள்ளிகூட இங்க கொண்டு வரலையே!"

‘கொண்டு வந்தால்தான் வரி’ என்று யார் கிளப்பிவிட்டார்களோ, தேக்காவில் டீ குடிக்கும் இடமெல்லாம் இதே பேச்சு. உண்மை நேர் எதிர். வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்துச் சேர்த்த பணத்தை எத்தனை லட்சம் அனுப்பினாலும், அனுப்பியதற்காக இந்தியாவில் வரி இல்லை. அந்தப் பணம் ஈட்டும் வட்டி, ஈவுத்தொகை, வாடகைக்குத்தான் வரி. நீங்கள் இந்தியாவின் முழு வரிவாசி ஆகிவிட்டால், அந்த வருமானம் உலகின் எந்த மூலையில் விழுந்தாலும் அந்த ஆண்டே கணக்கில் வர வேண்டும். சிங்கப்பூர் வங்கிகள் கொடுக்கும் வட்டிக்குத் தனிநபர்கள் சிங்கப்பூரில் வரி கட்டுவதில்லை. அதனால் இந்திய வரியில் கழித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்களா? இரு நாடுகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதத்துக்கு வழி இருக்கிறது.

இத்தனைக்கும் சட்டமே ஓர் அவகாசம் தருகிறது. முந்தைய 10 நிதியாண்டுகளில் 9இல் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் மொத்தம் 729 நாளுக்கு மேல் தங்காமல் இருந்திருந்தாலோ ‘ஆர்என்ஓஆர்’ நிலை, அதாவது இந்தியாவில் வசித்தாலும் முழு வரிவாசி ஆகாத நிலை, கிடைக்கும். நீண்ட காலம் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்குப் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகள். அதுவரை வெளிநாட்டு வட்டியை இந்தியா தொடாது. அந்த ஆண்டுகளை வீட்டு வேலையிலும் கல்யாணப் பேச்சிலும் கரைத்துவிட்டு, நாலாம் ஆண்டில் வந்து நின்றால் நான் என்ன செய்வது?

சிங்கப்பூர்ச் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியை முழுதாக எடுக்க நிரந்தரவாசத்தைத் துறந்து, நிரந்தரமாக வெளியேற வேண்டும். எடுப்பதாக இருந்தால் அந்த அவகாசத்துக்குள் எடுங்கள். வெளிநாட்டு ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு, எடுக்கும்போது வரி கட்டினால் போதும் என்ற சலுகையை 2022இல் இந்தியா அறிவித்தது. அது அமெரிக்கா, பிரிட்டன், கனடா கணக்குகளுக்குத்தான். நம் சேமநிதி அந்தப் பட்டியலில் இல்லை.

எஸ்ஆர்எஸ் என்ற சிங்கப்பூரின் விருப்ப ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். எடுக்கும் நாளிலும் அதற்கு முந்தைய 10 ஆண்டுகளிலும் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாத வெளிநாட்டவர், முதல் தொகை போட்டு 10 ஆண்டு கழித்து மொத்தமாக எடுத்தால் அபராதம் இல்லை, பாதித் தொகைக்குத்தான் சிங்கப்பூர் வரி. முன்னதாக எடுத்தால் முழுத் தொகைக்கும் வரி, கூடவே 5% அபராதம்.

ஊரில் உள்ள என்ஆர்இ கணக்கை (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான ரூபாய்க் கணக்கு) அப்படியே விட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். குடியேறிவிட்டால் வங்கியிடம் சொல்லி அதை மாற்றியாக வேண்டும். அன்றோடு அதன் வட்டிக்கான விலக்கும் போச்சு. ஆர்என்ஓஆர் அதைக் காப்பாற்றாது. வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது, ஆர்என்ஓஆர் காலத்தில் அதன் வட்டிக்கு வரியும் இல்லை.

அப்புறம், வேலையை விடும்போது நிறுவனம் சிங்கப்பூர் வரித் துறையிடம் ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவம் தாக்கல் செய்து, வரி தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கும். அந்தப் பணத்தை நம்பி விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

தயவுசெய்து கிளம்புவதற்கு முன்பே யாரிடமாவது ஆலோசனை கேளுங்கள். போகும்போது பழைய கடவுச்சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 729 நாளை எண்ண இந்தியக் குடிநுழைவு முத்திரைகள்தான் ஆதாரம்.