கொசுவலையில் ஓடும் அலை

மடித்துப் போட்ட கொசுவலையில் கோடுகோடாக அலை ஓடுகிறதே, அது கண்ணின் கோளாறா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள், அதிலும் அலை விழும். ராத்திரி ஜன்னலோரம் அசையும் வலையில் 'உருவம்' பார்த்துப் பயந்த குழந்தைக்குத் தாயத்து கட்டுவதைவிட, இரண்டு வலைத்துண்டைக் கையில் கொடுப்பது நல்லது.

இதன் பெயர் மொய்ரே. பெயர் வந்ததே துணியிலிருந்துதான். வரிவரியான பட்டுத்துணியை இரண்டாக மடித்துச் சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், சற்றே விலகி நிற்கும் வரிகள் ஒன்றையொன்று நசுக்கி நீரோட்டம்போல மின்னும். தண்ணீர் பட்டால் நசுங்கிய இழை உப்பி, அலை போய்விடும்.

வலையில் நடப்பது இன்னும் எளிது. இரு வலைகளின் கண்ணும் நேராக வரும் இடம் வெளிச்சம். ஒன்றின் நூல் மற்றதன் கண்ணை அடைக்கும் இடம் இருட்டு. 2 மி.மீ. கண்ணுள்ள ஒரே வலையில் இரண்டு துண்டு எடுத்து, மேலதை 4 டிகிரி திருப்பிப் போட்டால் அலைகளின் இடைவெளி சுமார் 29 மி.மீ.

இப்போது மேல் வலையை ஒரே ஒரு கண், அதாவது 2 மி.மீ., வலப்பக்கம் நகர்த்துங்கள். அலை 29 மி.மீ. ஓடும். அதுவும் பக்கவாட்டில் இல்லை, மேலே அல்லது கீழே! கத்தரிக்கோலைக் கவனித்தால் காரணம் புரியும். அலகுகள் கொஞ்சம் நெருங்கினாலே அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி நுனியை நோக்கிச் சறுக்கும். சாய்ந்து குறுக்கிடும் நூல் வரிசைகளிலும் அதேதான். அதனால்தான் இரண்டடுக்கு வலை வைத்துத் தைத்த பாவாடை பக்கவாட்டில் ஆட, அலை இடுப்பை நோக்கி ஏறுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

அந்தப் பாவாடையைத் தைப்பதற்கு: வெள்ளை லைனிங் மேல் கறுப்பு வலை இரண்டு அடுக்கு. வெள்ளைமேல் வெள்ளை போட்டால் அலை சரியாகத் தெரியாது. இரண்டையும் ஒரே ரோலிலிருந்து வெட்டுங்கள். வேறு ரோல் என்றால் கண் அளவு மாறி, கணக்குத் தப்பும். கீழ்த்துண்டு கரையோடு நேராக. மேல்துண்டை மீட்டருக்கு 7 செ.மீ. சாய்த்து வெட்டினால் 4 டிகிரி வந்துவிடும். 3.5 செ.மீ. சாய்த்தால் அலை இரண்டு மடங்கு பெரிதாகும். மேலடுக்கை இடுப்பில் மட்டும் தையுங்கள். சுற்றிலும் தைத்தால் அலை உறைந்துபோகும்.

திரைச்சீலையில் சாய்வே வேண்டாம். அதே 2 மி.மீ. வலை இரண்டுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி போதும். பின்வலை சற்றுச் சிறிதாகத் தெரிவதால், ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 செ.மீ. அலை; அரை மீட்டருக்கு வந்தால் 10 செ.மீ.

வலைத்துணி இழுபடும், அதுதான் தொல்லை. ஊசி குத்தும்போது ஓரிடத்தில் கொஞ்சம் இழுத்துவிட்டாலும் அங்கே அலை வளையும். கண்ணுக்குத் தெரியாத பிழையை இது பெரிதாக்கிக் காட்டுவதால்தான், 1874-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு நுண்கோடு போட்ட கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சோதித்தார். தையலிலும் அப்படியே: அலை வளைந்த இடத்தைப் பிரித்து, துணியை மேசைமேல் தளர்வாக விரித்து மறுபடி தையுங்கள்.