‘தொழில்முறை மருத்துவ ஆலோசனை’: என்ன தொழில், என்ன முறை?

உடல்நலக் காணொளி எதைத் திறந்தாலும் அடியில் ஒரு வரி: ‘இது தொழில்முறை மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல.’ ஆங்கிலம் தெரிந்தவர் அதை மனத்துக்குள் ‘புரொஃபெஷனல் மெடிக்கல் அட்வைஸ்’ என்று ஆங்கிலமாக்கிப் புரிந்துகொள்வார். தெரியாதவருக்காகத்தானே தமிழில் போட்டார்கள்?

வேர் சுருக்கமாக. ‘அட்வைஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக, ‘காணப்பட்டது’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஆலோசனை’ வடமொழி, அதற்கும் பார்த்தல், எண்ணிப்பார்த்தல் என்றே பொருள். அதோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ‘தொழில்முறை’யோடு. தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் காசுக்கு ஆடுகிறவர். தொழில்முறைக் கொலையாளி என்றும் எழுதுகிறோம். மருத்துவருக்கு அடையாளம் காசு வாங்குவதா? போலி மருத்துவரும்தான் வாங்குகிறார். ‘புரொஃபெஷன்’ லத்தீனில் பலரறிய உறுதிகூறுவது. படிப்பும் பொறுப்பும் அதில் அடக்கம். குறள் 949 மருத்துவரைக் ‘கற்றான்’ என்கிறது. சட்டமோ பதிவு பெற்றவரா என்று பார்க்கிறது. இரண்டிலும் காசுப் பேச்சு இல்லை.

சிலர் ‘தொழில்சார் மருத்துவ அறிவுரை’ என்று திருத்துகிறார்கள். இது இன்னும் மோசம். தொழில்சார் நோய் என்றால் பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் போல, வேலையால் வருவது. தொழில்சார் மருத்துவம் என்று தனித்துறையே உண்டு. அப்புறம் அறிவுரை! அது சித்தப்பா சொல்வது. போதாததற்கு அந்த ‘மாற்று’. மாற்று மருத்துவத்தைத் திட்டுகிறார்களோ என்று ஒருவர் நினைத்தால் தவறு அவருடையதல்ல.

ஊரில் யாரும் ஆலோசனை பெறப் போவதில்லை. ‘டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்’ என்பார்கள். எவ்வளவு சரியான வினை! உடம்பைக் காட்ட வேண்டும், பழைய ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும், சாப்பிடும் மாத்திரைகளைக் காட்ட வேண்டும். குழந்தைக்குப் பாராசிட்டமால் எடையைப் பார்த்துத்தான். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் என்றால் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் பார்க்கச் சொல்லி, ‘உற்றான் அளவும் பிணியளவும்’ என்று அதே குறள் சொல்வது இதைத்தான். காணொளிக்காரர் உங்களைப் பார்க்கவேயில்லை.

ஆகவே என் பரிந்துரை: ‘இதை வைத்து மருந்து சாப்பிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.’ போனில் கேட்பதும் உண்டே என்பீர்கள். சரி, உண்டு. ஆனால் 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும், நேரில் பார்த்தாக வேண்டுமா என்ற முடிவை மருத்துவரிடமே விட்டிருக்கின்றன.