"உயிர் மேல ஆசை இல்லையா உனக்கு?"

பயிற்சி மருத்துவராக டிபி வார்டில் இருந்தபோது ஒருவரிடம் சத்தம் போட்டிருக்கிறேன். சுமை தூக்குகிறவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மூன்றாவது முறையாக மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு, சளியோடு ரத்தம் வர, வந்து படுத்திருந்தார். ரவுண்ட்ஸ் நேரம். "உயிர் மேல ஆசை இல்லையா உனக்கு?" என்று கேட்டேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவரை 'உனக்கு' என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே, "இல்லீங்க" என்றார்.

திமிராகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். திரும்ப வரவே இல்லை. கேட்ட கேள்விக்கு அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார் என்பது, மனநல மருத்துவம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்று மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாள் டிபி பிரிவில் உட்காருகிறேன். மாத்திரையை நிறுத்தியவர்கள் என்று என்னிடம் அனுப்பப்படுகிறவர்களைப் பற்றிக் கூட வரும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "பொறுப்பே இல்லீங்க மேடம்." அந்த ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண டிபிக்குச் சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள், எல்லாம் சேர்ந்த கூட்டு மாத்திரையாக. பெரியவர்களில் பலருக்கு எடைக்குத் தக்கபடி தினமும் மூன்றோ நான்கோ வரும். பெரிய மாத்திரைகள். காலையில் அதைப் போட்டால் குமட்டும், சாப்பாடு இறங்காது. நன்றாக இருக்கிற மனுஷனுக்கே 180 நாள் தவறாமல் ஒரு காரியம் செய்வது கஷ்டம். காலையில் எழுந்து பல் விளக்குவதே பெரிய வேலையாகத் தெரிகிறவருக்கு அது எப்படி முடியும்?

மனச்சோர்வு வந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். டிபி வந்தவர்களிடம் அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பசியின்மை, எடை குறைவு, அசதி, தூக்கமின்மை எல்லாம் டிபியிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால், "நோயால வர்ற சோர்வுதான், மாத்திரை போட்டா சரியாகிடும்" என்று எல்லோருமே கடந்து போய்விடுகிறோம். உடம்பின் அறிகுறிகளை ஓரமாக வைத்துவிட்டு மனதின் அறிகுறிகளைக் கேட்க வேண்டும். முன்பு பிடித்த எதிலாவது இப்போது நாட்டம் இருக்கிறதா? இனி நல்லது நடக்கும் என்ற எண்ணம் வருகிறதா? எல்லாம் என்னால்தான் என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் வித்தியாசத்தைக் காட்டும்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விசைத்தறி ஊர். முப்பது வயதுக்குள். 2 மாதம் முடிந்து சளி பார்த்தபோது கிருமி இன்னும் இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ (மருந்து எதிர்ப்பு) என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதுவும் இல்லை. காலி அட்டைகளை எண்ணினால் கணக்கு சரியாக இருக்கிறது. டிபி சூப்பர்வைசர்தான் என்னிடம் அழைத்து வந்தார். "என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டறாங்க மேடம். ஏதோ சரியில்லை."

மாத்திரை போடுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அதை எல்லோரும் கேட்டாயிற்று. "ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?" என்று கேட்டேன். டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அது நோயாளிகளில் பலருக்குத் தெரியாது. "மொத மாசம் ஆரஞ்சாப் போச்சுங்க. இப்பெல்லாம் சாதாரணமாத்தான் போகுதுங்க," என்றார். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அழ ஆரம்பித்தார்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீரோடு தள்ளிவிட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால் முதலில் ஒரு டம்ளரைப் பற்றித்தான் சொன்னார். கல்யாணச் சீராக அவர் அம்மா கொடுத்த எவர்சில்வர் டம்ளர், அடியில் அவர் பெயர் வெட்டியிருக்கும். நோய் உறுதியான மறுநாள் மாமியார் அதன் விளிம்பில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டார், மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று. "எம்பேரு இருக்கிற டம்ளருதானுங்க. அதுக்கு எதுக்குங்க புள்ளி?" நான்கு வயது மகளை அவர் அம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். கணவர் இரவு ஷிப்ட். பகல் முழுக்கத் திண்ணையில் தனியாக. "நான் இருந்து என்னங்க ஆகப்போகுது?"

அவரைப் பொறுப்பில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? அட்டைக் கணக்கு தப்பாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கவனமாக இருந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் தன்னால் தொந்தரவு வரக் கூடாது என்றுதான் அதையும் செய்திருக்கிறார்.

மாமியாரையும் கணவரையும் வரச் சொன்னோம். அந்த மாமியார் கெட்டவர் இல்லை. பேத்தியைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் அவருக்கு. "எங்க சித்தப்பா எலும்புருக்கியில செத்தாருங்க, பார்த்தவங்கறதால சொல்றேன்," என்றார். அவரிடம் சென்னையில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 1956-இல் சென்னையில் டிபி மருந்துச் சிகிச்சைக்கென்று ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழியில் வந்ததுதான். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்தும், இன்னொரு பகுதியினரை நெருக்கடியான சிறு வீடுகளில் குடும்பத்தோடு இருக்கவிட்டும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மூடப்பட ஒரு முக்கியக் காரணமானது. டிபி காற்றில் பரவும் நோய். டம்ளரிலும் தட்டிலும் பரவாது. ஒழுங்காக மாத்திரை போட ஆரம்பித்த சில வாரங்களில் பரவும் தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆக, பேத்தியைக் காப்பாற்றுவது மருமகள் விழுங்குகிற மாத்திரைதான் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இத யாரும் எங்ககிட்ட சொல்லலைங்களே," என்றார். உண்மைதான். யாரும் சொல்லவில்லை.

டிபி டாக்டரிடம் பேசிவிட்டு மனச்சோர்வுக்கும் மருந்து தொடங்கினோம். இந்தப் 'பேசிவிட்டு' முக்கியம். ரிஃபாம்பிசின் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்து, பல மனநல மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். மனநல மாத்திரையில் நன்றாக இருந்தவர், டிபி சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் மறுபடி தூங்காமல், தனக்குத்தானே பேச ஆரம்பித்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்து எதிர்ப்பு டிபிக்குக் கொடுக்கும் லினிசோலிட் சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. இரண்டு டாக்டரிடமும் இரண்டு மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

டிபி மருந்துகளே சிலருக்கு மனதைக் கலைப்பதும் உண்டு. ஐசோனியசிட் அரிதாக மனக்குழப்பத்தை உண்டாக்கும். மருந்து எதிர்ப்பு டிபியில் தரும் சைக்ளோசெரின் அதைவிட அதிகமாக: மனச்சோர்வு, காதில் குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வரலாம். அப்படி வந்த ஒரு இளைஞனைப் பேய் பிடித்திருக்கிறது என்று மூன்று வாரம் கோயில் கோயிலாக அழைத்துப்போய்விட்டுக் கடைசியில் எங்களிடம் வந்தார்கள். கோயிலுக்குப் போவதில் தப்பில்லை. போகும் வழியில் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எதை மாற்றுவது என்று டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இந்த உறவில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் டிபி மருத்துவமனையில் ஐசோனியசிட்டின் பங்காளியான இப்ரோனியசிட்டைக் கொடுத்துப் பார்த்தபோது, படுத்தே கிடந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். அந்த மருந்துதான் பின்னால் மனச்சோர்வுக்கென்று கொடுக்கப்பட்ட முதல் மருந்துகளில் ஒன்றானது. டிபியையும் மனதையும் தனித்தனிக் கட்டடத்தில் வைத்தது நாம்தான்.

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "குடிச்சா மாத்திரை போடக் கூடாது" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். குடிப்பழக்கம் உள்ளவர் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்: குடிக்கிற நாளெல்லாம் மாத்திரை கிடையாது. குடி கல்லீரலுக்குக் கெடுதல்தான், டிபி மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் கெடுதல்தான். ஆனால் திட்டுவார்கள் என்று பயந்து வராமல் இருப்பதைவிட, குடித்ததைச் சொல்லிவிட்டு வந்து நிற்பது எவ்வளவோ மேல். என்ன செய்வதென்று சேர்ந்து முடிவெடுக்கலாம். குடிப்பழக்கத்துக்கும் சிகிச்சை இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. நோய் தெரிந்ததும் உயரத்துக்கேற்ற எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். சில நிமிட வேலை, உயிரைக் காப்பாற்றுகிறது. அதே நாற்காலியில் அதே நேரத்தில் இன்னும் இரண்டே கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்த மாதிரி இருந்ததா? 'பெரும்பாலான நாள்' என்று ஒன்றுக்குப் பதில் வந்தால்கூட, விரிவாகப் பேச ஆளிடம் அனுப்ப வேண்டும். முதல் நாளில் கேட்டது போதாது. 2 மாதம் முடிந்து சளி பார்க்கும்போதும் கேட்க வேண்டும். உடம்பு தேறி, பயம் விலகி, கடனும் வேலையிழப்பும் கண்ணில் படத் தொடங்கும் நேரம் அது. டிபி நோயாளிகளுக்குச் சத்தான சாப்பாட்டுக்கென்று அரசிடமிருந்து மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். அது வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்பதும் என் கணக்கில் மனநலக் கேள்விதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "மாத்திரை போட்டியா?" என்ற கேள்வியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். "ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். மாத்திரை போடும்போது பக்கத்தில் உட்காருங்கள், நீங்களும் டீ குடியுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகாது. எந்த நேரமும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அந்த அம்மாவுக்கு மறுபடி சளி பார்த்ததில் கிருமி இல்லை என்று வந்ததும் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள், அவளுக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாவது மாதம் வந்தபோது டம்ளர் என்னாச்சு என்று கேட்டேன். இன்னும் தனியாகத்தான் இருக்கிறதாம், புள்ளியும் அப்படியே இருக்கிறதாம். "பாப்பா அதுலதான் குடிப்பேன்னு அடம் புடிக்கறாளுங்க," என்றார். "மாத்திரையும் அவதான் எண்ணிக் குடுக்கறா. மூணு. நாலாவது எடுத்தா 'அம்மா, தப்பு'ங்கறா."