மரினாரே: பள்ளியை ஊறப்போடுதல்

இத்தாலிய மொழியில் ‘மரினாரே’ என்னும் வினைச்சொல்லுக்கு அகராதியில் காணப்படும் முதற்பொருள், மீனையோ இறைச்சியையோ வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தல் என்பதாகும். அதனுடன் ‘லா ஸ்குவோலா’, அதாவது ‘பள்ளியை’ என்னும் செயப்படுபொருளைச் சேர்த்துவிட்டால், வகுப்புக்குப் போக வேண்டிய நாளில் போகாமல் வேறெங்காவது பொழுதைக் கழித்தல் என்று பொருள் மாறிவிடுகிறது. சமையற்கட்டுச் சொல் ஒன்று பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து சேர்ந்த வழியையும், அதற்குத் தமிழில் எது பொருந்தும் என்பதையும் பார்ப்போம்.

இச்சொல்லை நான் பாடநூலிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. வெளிநாட்டவருக்கென்றே 1925-இல் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட ஊர் பெருஜியா; மலைமேல் அமைந்த அந்நகரின் எத்ருஸ்கர் காலத்து வளைவு வாயிலருகே மாலையில் நின்றால், பல நாட்டு மாணவர்கள் தத்தம் நாக்கின் பழக்கத்துக்கேற்ப இத்தாலியத்தை வளைத்துப் பேசுவதைக் கேட்கலாம். அந்நகரில் நான் மொழி பயின்றபோது, ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ‘கொஞ்ஜுந்தீவோ’ என்னும் வினைவடிவத்தை மூன்றாவது வாரமாக எதிர்கொள்ள மனமில்லாமல், உடன் பயின்ற இருவருடன் ரயிலேறித் திராசிமேனோ ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். பரப்பு ஏறத்தாழ 128 சதுர கிலோமீட்டர் இருந்தும் ஆழம் 6 மீட்டர் அளவிலேயே நின்றுவிடும் ஏரி அது. அவசரம் என்பதே அதன் முகத்தில் தெரியாது.

கரையோர ஊரான பஸ்ஸின்யானோவில் இறங்கி, தீவுக்குச் செல்லும் படகின் நேர அட்டவணையைப் பார்த்தோம். அதில் ‘ஃபெரியாலே’ என்று ஒரு பத்தியும் ‘ஃபெஸ்தீவோ’ என்று ஒரு பத்தியும் இருந்தன. விடுமுறை நாள்களை இத்தாலியர் ‘ஃபெரியே’ என்பர் எனப் படித்திருந்த நாங்கள், ‘ஃபெரியாலே’ என்பது விடுமுறை நாளுக்கு உரியதென்று முடிவுகட்டி, மற்றப் பத்தியை நம்பி நிதானமாகத் தெருவைச் சுற்றினோம். உண்மை நேர்மாறானது: ஃபெரியாலே என்றால் வேலைநாள், சனிக்கிழமையும் அதில் அடங்கும். இலத்தீனில் ‘ஃபெரியாய்’ என்பது திருநாளைக் குறித்தது. திருச்சபையின் நாள்காட்டி வாரநாள்களையும் இரண்டாம் ஃபெரியா, மூன்றாம் ஃபெரியா என எண்ணத் தொடங்கியதால், ஒரே வேரிலிருந்து விடுமுறையும் வேலைநாளும் பிறந்துவிட்டன. (ஆகஸ்ட் 15 அன்று நாடே ஓய்ந்து கிடக்கும் ‘ஃபெர்ரகோஸ்தோ’வும் இவ்வேரிலிருந்து வந்ததுதான்; அகஸ்டஸின் திருநாள் என்பது அதன் பொருள்.) பத்தியின் தலைப்பில் இரண்டு சுத்தியல்கள் குறுக்காக வரையப்பட்டிருந்ததையாவது நாங்கள் கவனித்திருக்கலாம். திரும்பி வந்தபோது படகு கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த படகுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. பக்கத்து உணவகத்தின் கரும்பலகையில் முதல் வரியாக எழுதப்பட்டிருந்த ‘அலீச்சி மரினாதே’யை வரவழைத்தோம். தலையும் முள்ளும் நீக்கி இரண்டாகப் பிளந்த நெத்திலி. நெருப்பே படாமல், எலுமிச்சைச் சாற்றில் கிடந்தே வெந்ததுபோல் வெளுத்திருந்தது. மேலே ஆலிவ் எண்ணெய், பொடியாக அரிந்த பூண்டு. ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றோம். மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் ஆசிரியை எங்கள் மூவரையும் பார்த்து, “நேற்றுப் பள்ளியை மரினாரே செய்துவிட்டீர்களா?” என்று இத்தாலியத்தில் கேட்டார். நாங்கள் நெத்திலி தின்றது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் விழித்தேன்.

மரினாரே என்பதில் ‘மாரே’, அதாவது கடல், இருப்பதால், பள்ளியை விட்டுக் கடற்கரைக்குப் போவது என்பதுதான் மூலப்பொருள் என்று முதலில் நினைத்தேன். கடல் அதில் இருப்பது உண்மையே. ஆனால் அது கால் நனைக்கும் கடலன்று. கடல்நீரைப் போன்ற உப்புநீரில் மீனைப் போட்டு வைக்கும் வழக்கத்திலிருந்து சொல் பிறந்தது. உப்புநீரின் இடத்துக்குப் பின்னர் வினிகர் வந்தது. பிடித்த மீன் முழுவதையும் அன்றே தின்ன முடியாதபோது, பிறகு தின்பதற்காக ஊறலில் இட்டு ஒதுக்கி வைத்தார்கள். அதைப் போலவே பள்ளியையும் இன்றைக்கு வேண்டாமென்று ஒதுக்கி, இன்னொரு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தல் என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். இதில் எனக்குப் பிடித்தது, பள்ளியை யாரும் தூக்கி எறியவில்லை என்பது. கெடாமல் இருக்கட்டும் என்றுதான் ஊறவைக்கிறார்கள்.

இத்தாலி முழுவதும் புரியும் சொல் இதுவென்றாலும், ஊருக்கு ஊர் வேறு வழக்குகளும் உண்டு. மிலானில் ‘பிஜாரே’ என்பர். ரோமில் ‘ஃபாரே சேகா’. நேப்பிள்ஸில் ‘ஃபாரே ஃபிலோனே’. டுரின் நகரத்தார் சொல்லும் ‘தல்யாரே’ என்பதற்கு வெட்டுதல் என்று பொருள். நம் கல்லூரி மாணவர்களின் ‘கட் அடித்தல்’ அதற்குத் தூரத்து உறவு எனலாம்.

சொற்றொடரின் மறுபாதியான ‘ஸ்குவோலா’வில்தான் சுவை கூடுகிறது. அது இலத்தீன் ‘ஸ்கோலா’விலிருந்தும், இலத்தீன் சொல் கிரேக்க ‘ஸ்கோலே’யிலிருந்தும் வந்தது. கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்பதே முதற்பொருள். வயிற்றுப்பாட்டுக்கான வேலையிலிருந்து விடுபட்டவன் அந்த ஓய்வில் செய்யும் உரையாடலையும், பின்னர் அதற்குரிய இடத்தையும் அச்சொல் குறிக்கலாயிற்று. தொடக்கப் பள்ளிக்கு உரோமர் தம் மொழியிலேயே வைத்திருந்த ‘லூதுஸ்’ என்ற சொல்லுக்கோ விளையாட்டு என்று பொருள். ஆகவே சொல்வழியே பார்த்தால், அந்த வியாழக்கிழமை நாங்கள் ஓய்வுக்கு மட்டம் போட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போயிருக்கிறோம்.

தமிழில் இந்தக் கதை வேறொரு தெருவில் நடந்து ஏறத்தாழ அதே வீட்டுக்கு வந்து சேர்கிறது. ‘பள்ளி’ என்பதற்குப் படுக்கை, உறங்கும் இடம் என்னும் பொருள்கள் உண்டு. பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் ஆகிய வழக்குகளில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. சமண முனிவர் தங்கிய இடங்களும் பள்ளி எனப்பட்டன. அவற்றுக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்கின்றன. முனிவர் தங்கிய இடத்தில் பாடமும் நடந்ததால், தங்கிடத்தின் பெயர் கற்குமிடத்துக்கு ஆயிற்று என்பர். கிரேக்கர் ஓய்விலிருந்து பள்ளிக்கு வந்தனர். நாம் படுக்கையிலிருந்து வந்திருக்கிறோம். வகுப்பில் தூங்குபவன் சொல்லின் வேருக்கு உண்மையாக இருக்கிறான் என்று வாதிடலாம், ஆசிரியர் கேட்காத தொலைவில்.

இனி நிகர்ச்சொல். ‘விடுமுறை’ பொருந்தாது, அது நிறுவனமே மூடியிருக்கும் நாள். ‘விடுப்பு’ என்பது ஒருவர் கேட்டுப் பெறுவது. மரினாரேயில் கேட்பதும் இல்லை, பெறுவதும் இல்லை. ‘ஓபி அடித்தல்’ இன்னும் விலகிப் போகிறது, ஏனெனில் அதற்கு ஆள் இடத்தில் இருக்க வேண்டும். செயலை மட்டும் பார்த்தால் ‘மட்டம் போடுதல்’ என்பதே கச்சிதமான சொல்: முன்கூட்டிச் சொல்லாமை, சிறு குறும்பு, பெரிய குற்றமில்லை என்ற தொனி ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ‘வகுப்புப் புறக்கணிப்பு’ என்று எழுதுவோர் உண்டு. அதைப் படித்தால் மாணவர்கள் வாயிலில் கொடி பிடித்து நிற்கும் காட்சி தோன்றுகிறது.

உருவகத்தையும் காக்க விரும்பினால் நம்மிடம் ‘ஊறப்போடுதல்’ இருக்கிறது. ஒரு விவகாரத்தை இப்போது எடுக்காமல் தள்ளி வைப்பதை ‘ஊறப்போட்டுவிட்டார்’ என்றும் ‘ஆறப்போட்டுவிட்டார்’ என்றும் சொல்கிறோம். பின்னால் எடுக்கப்படும் என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பள்ளியை ஊறப்போட்டான்’ என்பது கேட்டவுடன் விளங்காது. ஆயினும் முன்பின் வாக்கியங்கள் துணை நின்றால் கதையிலோ கட்டுரையிலோ அது செல்லும். அன்றாடப் பேச்சை மொழிபெயர்க்கும்போது அப்படிச் செய்யக் கூடாது. ஆசிரியையின் கேள்வியை நான் தமிழில் எழுதினால் “மூவரும் நேற்று மட்டம் போட்டுவிட்டீர்களா?” என்றே எழுதுவேன். நெத்திலி அதில் காணாமல் போகும். அதற்கு ஓர் அடிக்குறிப்பு போட வேண்டியதுதான்.