சாம்பலில் விளையும் புளிப்பு

கிரேக்கத்தின் சாண்டோரினி தீவு என்றதும் எல்லோருக்கும் வெள்ளை வீடுகளும் நீலக் கூரைகளும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அங்கே பெரிய அதிசயம், தரையோடு தரையாகக் கூடைபோல் சுருண்டு கிடக்கும் திராட்சைக் கொடிகள்தான்.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்து, தீவின் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்து, மிச்ச நிலத்தைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. அந்த மண்ணில் களிமண் கிட்டத்தட்ட இல்லை. 1860-களில் ஐரோப்பியத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கிய பைலோக்செரா என்ற வேர்ப்பூச்சியால் அதில் பிழைக்க முடியாது. மற்ற ஊர்களில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். இங்கே கொடி இன்னும் சொந்த வேரில் நிற்கிறது. மேல்பாகம் வயதாகிக் காய்ப்பு குறைந்தால் வெட்டிவிடுவார்கள், அதே வேர் மறுபடி துளிர்க்கும், அதனால் சில வேர்களுக்கு நூறாண்டுகளுக்கும் மேல் வயது என்கிறார்கள். அந்த நிலத்தில் போய் விடுதி கட்டுகிறார்களே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, கூடை எதற்கு? கோடையில் மெல்டெமி என்ற வடகாற்று மணலை வாரி அடிக்கும். கம்பியில் படரவிட்டால் இளங்குருத்து மிஞ்சாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் கிளைகளை வளையமாகப் பின்னுகிறார்கள். குலைகள் உள்ளே தொங்க, இலைகள் காற்றையும் வெயிலையும் தடுக்கின்றன. கோடையில் மழையே அரிது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல்லின் துளைகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இவ்வளவு வெயிலில் பழுக்கும் திராட்சையில் புளிப்பு குறைந்து ஒயின் சப்பென்று இருக்க வேண்டும். ஆனால் அசிர்ட்டிகோ என்ற உள்ளூர் வெள்ளைத் திராட்சை நன்றாகப் பழுத்த பிறகும் நாக்கில் சுரீரென்று இறங்கும். அந்த ரகத்தின் இயல்பு ஒரு காரணம், மண் இன்னொன்று. திராட்சையின் முக்கியப் புளிப்பு டார்டாரிக் அமிலம், நம் புளியில் இருப்பதும் அதேதான். வேர் வழியாகப் பொட்டாசியம் நிறைய ஏறினால் அது இந்த அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும், புளிப்பு மழுங்கிவிடும். சாம்பல் மண்ணில் செடிக்குக் கிடைக்கும் பொட்டாசியம் குறைவு, அமிலம் அப்படியே நிற்கிறது.

அங்கே வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயினும் உண்டு. பறித்த திராட்சையை இரண்டு வாரம்போல வெயிலில் உலர்த்திப் பிழிகிறார்கள். நீர் வற்றும்போது சர்க்கரையோடு அமிலமும் செறிவாகிவிடுவதால், அவ்வளவு இனிப்பும் திகட்டுவதில்லை.